பத்துக்கு எத்தனை

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு குழந்தை என் விரலைக் கடித்துவிட்டது. குழந்தையைக் குறை சொல்ல முடியாது. அது கடிக்கப்போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்தது. பல் டாக்டருக்கு அதுகூடத் தெரியாதா? கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும், அவ்வளவுதான். சாய முடியவில்லை. கீழ் முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. விரலை அதன் வாயிலேயே விட்டுவிட்டு, அதற்கே சலித்துப்போகும் வரை குனிந்தபடி இருந்தேன்.

அதன் அம்மா "ஐயோ, சாரி டாக்டர்" என்றாள். "பரவாயில்லம்மா, பல்லெல்லாம் நல்லா உறுதியா இருக்கு" என்றேன். சிரித்தாள். அவர்கள் போன பிறகு சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கொஞ்ச நாளாகவே நான் எழுந்திருக்கும் நேரம் பார்த்து அவள் என் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. படுத்தால் வலி, உட்கார்ந்தால் அதிக வலி, நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன், அலமாரி மேல் நோட்டை வைத்து.

இத்தனை வருடமும் ஒரே கோணல். வலது பக்கம் சாய்ந்து, இடுப்பைத் திருகி, கழுத்தை நீட்டி. கல்லூரியில் நேராக உட்காரத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வாய்க்குள் கடைசிக் கடைவாய்ப்பல் எங்கே இருக்கிறது என்று அந்தப் பாடப்புத்தகம் எழுதியவர் போய்ப் பார்த்தாரோ இல்லையோ.

முதுகு மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். இப்போது வலது புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கால் கட்டைவிரலில் போய் முடிகிறது. கரண்ட் ஷாக் மாதிரி. அந்தக் காலால்தான் டிரில் மிஷினின் பெடலை மிதிக்கிறேன். கால் ஒருமுறை வெட்டி இழுத்தால் போதும். எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை நம்பிப் படுத்திருக்கிறார்.

இன்னும் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்துவிட்டால் அன்றோடு நான் டாக்டர் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

எலும்பு சர்ஜனைப் பார்த்தேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, என்னையும் மருத்துவர் என்று மதித்து, வேகமாகப் பேசினார். கடைசி டிஸ்க்குக்கு மேலே உள்ளது பிதுங்கிக்கொண்டு நரம்பை அழுத்துகிறது. அதோடு பின்பக்கத்துச் சின்ன மூட்டுகளும் தேய்ந்திருக்கின்றன. இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ போட்டு இணைத்துவிடலாம் என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஓய்வு.

"அப்புறம் பழைய மாதிரி குனிஞ்சு வேலை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"வேலையை மாத்திக்கிறது நல்லது" என்றார். அவருக்குக் கீழ் வரிசைப் பல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. சின்ன வயதிலேயே கம்பி போட்டிருக்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

ஸ்க்ரூ. இந்த வார்த்தையை நான் நோயாளிகளிடம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். "தாடையில சின்னதா ஒரு ஸ்க்ரூ, அது மேல பல்லு, அவ்வளவுதாங்க."

மார்ச் 22, சனி

எங்கள் கட்டடத்தில் கீழே என் வீட்டுக்காரரின் டிரைவிங் ஸ்கூல், மேலே என் கிளினிக், அதற்கும் மேலே வீடு. "கீழ வர்றவங்க வண்டிக்குப் பயந்துக்கிட்டு வர்றாங்க, மேல போறவங்க இவளுக்குப் பயந்துக்கிட்டு போறாங்க. நம்ம குடும்பமே ஊரோட பயத்துலதான் சாப்பிடுது" என்பார் வருகிறவர்களிடமெல்லாம். அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எங்கே போய் மோதப்போனாலும் பதறாமல் மிதித்துவிட்டு, "இப்ப என்ன மறந்தீங்க?" என்று மட்டும் கேட்பார். வீட்டிலும் அதே குணம்தான். சண்டை போடுவதற்கு லாயக்கில்லாத மனிதர்.

இன்று வலிமாத்திரை வாங்க மூலையில் உள்ள மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மாத்திரையைக் கொடுக்காமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், இது இந்த மாசம் மூணாவது அட்டை. வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

"எனக்கில்லை" என்றேன். மருந்துக்கடைக்காரரிடம் பொய் சொல்வதைவிட வக்கீலிடம் சொல்லலாம். எடுத்துக் கொடுத்துவிட்டு, வலி சிகிச்சைக்கென்றே ஒரு கிளினிக் இருப்பதாகச் சொல்லி விலாசம் எழுதித் தந்தார். பெரிய ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே பார்க்கிறார்களாம்.

மார்ச் 27, வியாழன்

வலி டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். மேல் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது, மற்றபடி சுத்தமான வாய். அவசரப்படாமல் பேசினார். ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பு என்னைக் குனியச் சொன்னார், பின்னால் வளையச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு இருப்பது ஒரு வலி இல்லையாம், இரண்டு. காலில் இறங்குவது நசுங்கிய நரம்பின் வலி. இடுப்பில் நிற்பது தேய்ந்த மூட்டுகளின் வலி. "ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஸ்க்ரூ போட வேண்டாம் மேடம். ஒண்ணொண்ணா பார்ப்போம்" என்றார்.

பிறகு கேட்டார்: "இடுப்பு வலி பத்துக்கு எத்தனை?"

நாலு என்றேன்.

இந்தக் கேள்வியை நானும் தினம் கேட்கிறவள்தான். வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? பத்து என்பார்கள், இன்னொரு கையில் போனில் படம் ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு என்றவர்களும் உண்டு. யார் என்ன சொன்னாலும் மனசுக்குள் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேஸை எடுப்பேன். எனக்கும் அதே நியாயம்தான். எட்டு என்று வாயில் வந்தது, பாதியைத் தள்ளிவிட்டேன். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு எட்டு, ஒன்பது என்று ஏலம் விட முடியுமா?

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் ஊசி. குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, நரம்பு முதுகெலும்பிலிருந்து வெளியே வரும் இடுக்கில் ஸ்டீராய்டு மருந்து போட்டார். போடுவதற்கு முன், "சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார்.

என் வசனம்! இத்தனை வருடமாக நான் சொல்லி வருவது. எறும்பு இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கால் வலி குறைந்துகொண்டே வந்து, இன்று காலை தேடினால் கிடைக்கவில்லை. கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். இல்லை. பெடல் கால் திரும்ப என்னுடையதாகிவிட்டது.

இடுப்பு மட்டும் அசையவில்லை. "பாதி வீடு காலி பண்ணிட்டாங்க, மீதி பாதிக்கு நோட்டீஸ் குடு" என்கிறார் இவர்.

ஏப்ரல் 28, திங்கள்

மறுபடியும் வலி கிளினிக். மூட்டு வலிக்கு வழி வேறு. அந்த மூட்டுகளிலிருந்து வலிச் செய்தி கொண்டுபோகும் மயிரிழை நரம்புகள் சில இருக்கின்றன. ஊசி முனையைச் சூடாக்கி அவற்றை மட்டும் சுட்டுவிடலாம். கால் அசைவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் குற்றவாளி அந்த நரம்புகள்தானா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை ஊசி: மரத்துப்போகச் செய்யும் மருந்து மட்டும், சில மணி நேரம்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டால் அவைதான் என்று அர்த்தம். போகாவிட்டால் சுடுவதில் பயனில்லை.

நானும் அதைத்தானே செய்கிறேன். எந்தப் பல் வலிக்கிறது என்று நோயாளிக்கே தெரியாதபோது ஒவ்வொன்றாக மரக்க வைத்துப் பார்ப்போம். சோதனை எனக்குப் பிடித்திருந்தது.

மே 8, வியாழன்

சோதனை ஊசி போட்டாயிற்று. "சும்மா படுத்துக்கிட்டு வலி இல்லைன்னு சொல்லக் கூடாது. எதைச் செஞ்சா வழக்கமா வலிக்குமோ அதையெல்லாம் செய்யுங்க" என்று அனுப்பினார்.

செய்தேன். குனிந்து ஷூ லேஸ் கட்டினேன், அவிழ்த்தேன், சும்மா இன்னொரு தடவை கட்டினேன். பரணிலிருந்த பெட்டியை இறக்கினேன். தரையில் படுத்து அலமாரிக்கு அடியில் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு முன்பு தொலைத்து வீட்டையே ரெண்டு பண்ணிய தோடு அங்கே கிடந்தது. பிறகு இவரைக் கீழேயிருந்து கூப்பிட்டு கிளினிக் நாற்காலியில் படுக்க வைத்து, எனக்கு ஆகவே ஆகாத அந்தக் கோணத்தில் குனிந்து, கடைவாயின் உள்பக்கமெல்லாம் சுத்தம் செய்தேன்.

"வலிக்கலையா உனக்கு?"

"ம்ஹூம்."

"எனக்கு வலிக்குது."

முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருட்டும் நேரத்தில் மருந்து இறங்கி, பழைய விருந்தாளி வந்து உட்கார்ந்துகொண்டார்.

மே 9, வெள்ளி

காலையில் வலி கிளினிக்கிலிருந்து சிஸ்டர் போன் செய்தாள். நேற்று மருந்து வேலை செய்தபோது பத்துக்கு எத்தனை?

பூஜ்யம் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆர்வக்கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். நேற்று எனக்கிருந்ததும் அதுதான். தோடு கிடைத்த குஷி வேறு. யோசித்து, நிதானமாக, ரெண்டு என்றேன்.

மாலையில் டாக்டரே பேசினார். "நாலுலேருந்து ரெண்டு. பாதிதான் குறைஞ்சிருக்கு மேடம். இதை நம்பி நரம்பைச் சுடுறது சரியில்லை. பலன் இருக்கும்னு தெரியாம நான் சுட மாட்டேன்." குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. வேண்டுமானால் சர்ஜனிடம் மறுபடி பேசிப் பாருங்கள் என்றார்.

சரி என்றேன். நேர்மையான டாக்டர். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இவரிடம் சொன்னேன். "நீ சொன்ன நாலு, ஊர்ல எல்லாரும் சொல்ற நாலா, இல்ல நம்ம வீட்டு நாலா?" என்றார்.

எரிச்சலாக வந்தது. "எண்ணு எண்ணுதாங்க. அதுல என்ன வீடு, ஊரு?" என்று எழுந்து போய்விட்டேன். எழுந்ததே ஒரு கூத்து. மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து. கேட்டவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மே 12, திங்கள்

சின்ன டாக்டரிடம் பேசினேன். இரண்டு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிற பெண். நல்ல கை. ஆகஸ்ட் கடைசியோடு கிளினிக்கை அவளே எடுத்து நடத்தட்டும் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க எங்க உக்காருவீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"வீட்டுல" என்றேன். "சோபா இருக்கு."

மே 22, வியாழன்

இனி அரை நாள்தான். மூன்று பேரைப் பார்த்துவிட்டு மேலே வந்து படுத்துக்கொள்கிறேன். கீழே டிரில் சத்தம் கேட்கிறது. அவள் பெடலைக் கொஞ்சம் அழுத்தித்தான் மிதிக்கிறாள்.

மே 30, வெள்ளி

வேற வேலைன்னா என்ன வேலை? எனக்கு வேற என்ன தெரியும்? காலேஜ்ல பாடம் நடத்தலாமாம், மகள் போன்ல சொல்றா. அங்கயும் உக்காரணும், நிக்கணும். யாரைப் பார்த்தாலும் முதல்ல பல்லைத்தான் பார்க்கிறேன். சோபாவில உக்காந்துக்கிட்டு யார் பல்லைப் பார்க்கிறது?

ஜூன் 12, வியாழன்

காலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. "சும்மா ஒரு இடைஞ்சல் டாக்டர். கீழ் கடைவாய். ஒரு வாரமா."

"வலி பத்துக்கு எத்தனை?"

"மூணு இருக்கும்."

வாயைத் திறந்தார். திறக்கவே முடியவில்லை, இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. வாய்க்கண்ணாடியின் பின்பக்கத்தால் அந்தப் பல்லை ஒரு தட்டு, மெதுவாகத்தான் தட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாக, பட்டாணி அளவுக்குச் சீழ். வெளியே வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த வலியோடு ஒரு வாரம் கடையில் நின்று வியாபாரம் பார்த்திருக்கிறார்.

படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "இதுக்கா மூணு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைக்கு வர்றவங்க எல்லாம் பத்து, பத்துன்னுதான் சொல்றாங்க டாக்டர். தலைவலிக்குக்கூட பத்து. நாமளும் அப்படிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கோ இல்லையோ, நீங்க குறைச்சுச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உங்க தாடைக்குள்ளயா உக்காந்திருக்கேன்? மூணுன்னா மாத்திரை எழுதிக் குடுத்து அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிச்சிருப்பேன். அதுக்குள்ள கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கும். உங்க வலியை நீங்களே பாதியாக்கிட்டா வைத்தியமும் பாதியாத்தானே…"

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் ஊசியை நிரப்புவது போலத் திரும்பிக்கொண்டேன். நிரப்பிய ஊசி தட்டில் ஏற்கெனவே இருந்தது.

அவருக்குப் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினேன். போகும்போது முகமே வேறாக இருந்தது. "இப்பதான் தெரியுது, எட்டாவது இருந்திருக்கும்" என்றார். தெரியும் என்றேன்.

மேலே வந்ததும் வலி கிளினிக்குக்குப் போன் செய்தேன். அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "மார்ச்சுல நான் நாலுன்னு சொன்னது எட்டு. ஊசி போட்ட அன்னிக்கு ரெண்டுன்னு சொன்னது பூஜ்யம்." எதிர்ப்பக்கத்தில் அந்தச் சிஸ்டர், "மேடம், ஒரு நிமிஷம், டாக்டர்கிட்ட தர்றேன்" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

நேரில் வரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான் மேடம். ஆனா இப்ப நீங்க மாத்திச் சொன்னதை வெச்சும் நான் சுட முடியாது. இன்னொரு தடவை சோதனை ஊசி போடுவோம். இந்தத் தடவை கணக்கு எதுவும் போடாதீங்க. தோணுறதைச் சொல்லுங்க" என்றார். கறாரான ஆள். எனக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார்: சோதனையில் இந்தத் தடவையும் வலி பாதிதான் குறைந்தால் பிறகு அவரிடம் வழி இல்லை.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்ம வீட்டு நாலுதான் என்று ஒப்புக்கொண்டேன். "எனக்குத் தெரியுமே" என்றார்.

"தெரிஞ்சா அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"பிரேக்கை மிதிச்சேன். நீ எழுந்து போயிட்ட."

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது சோதனை. போடுவதற்கு முன்பு: எட்டு. மருந்து வேலை செய்தபோது: ஒன்று. பூஜ்யம் இல்லை, ஏனென்றால் பெட்டியை இறக்கும்போது இடது பக்கம் லேசாகப் பிடித்தது. ஒன்று என்றால் ஒன்றுதான்.

கடைவாய் சுத்தம் செய்ய இவரைக் கூப்பிட்டேன். வரவில்லை. கற்றுக்கொள்ள ஆள் வந்திருக்கிறார்களாம்.

ஜூலை 9, புதன்

இன்று சுட்டார்கள். முழுதாக மயக்க மருந்து கொடுப்பதில்லை. நோயாளி விழித்திருந்து பதில் சொல்ல வேண்டும். குப்புறப் படுத்திருந்தேன். ஒவ்வொரு ஊசியையும் இடம் பார்த்து வைத்த பிறகு, சுடுவதற்கு முன்னால், அதன் வழியாக மெல்லிய மின்துடிப்பை அனுப்பிப் பார்த்தார்.

"துடிப்பு இடுப்புலயே இருந்தா சரி. கால்ல இறங்கினா உடனே சொல்லுங்க. சின்னதா இருக்கேன்னு விட்டுடாதீங்க."

முதல் இரண்டும் இடுப்பிலேயே நின்றன. மூன்றாவதில் தொடையில் ஏதோ ஓடின மாதிரி இருந்தது. ஓடியதா, பயத்தில் அப்படித் தோன்றியதா? பழைய நானாக இருந்தால் அதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். "தொடைல இறங்குது" என்றேன்.

நிறுத்திவிட்டார். உடனே. "இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்றெல்லாம் சொல்லவில்லை. ஊசியை வெளியே இழுத்து, திரையைப் பார்த்து, வேறு இடத்தில் வைத்தார். மறுபடி கேட்டார். இப்போது இடுப்பில் மட்டும்தான். அதன் பிறகே சுட்டார்.

நான் எல்லோரிடமும் "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று சொல்வது வழக்கம். தூக்குவார்கள். "இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று நான் முடித்துவிட்டுத்தான் நிமிர்வேன். மரக்க ஊசியில் வலி அடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியுமே. அவர்களுக்குத் தெரியாது. குப்புறப் படுத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

ஜூலை 15, செவ்வாய்

வலி அதிகமாகிவிட்டது. சுட்ட இடமெல்லாம் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி எரிகிறது. படுக்கையில் திரும்ப முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தால், "ரெண்டு மூணு வாரம் இப்படி இருக்கும், எதிர்பார்த்ததுதான்" என்கிறார். என்கிட்ட இதை முன்னாடியே சொன்னார். காதுல வாங்கிக்கிட்டாத்தானே?

ஒன்பது. யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஏழு. சின்ன டாக்டர் பார்க்க வந்தாள். கிளினிக் சாவிக்கொத்து இன்னொன்று செய்துவிட்டாளாம். நல்லது என்றேன். அவள் போன பிறகு அழுதேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பாத்ரூமில் சோப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். முகம் துடைத்து வெளியே வந்து, டீ போட்டு, பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. சோப்பைக் குனிந்து எடுத்திருக்கிறேன்.

மூன்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்றிலேயே நிற்கிறது. முழுதாகப் போகவில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், சேதி சொல்கிற நரம்பின் வாயைத்தான் அடைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதமோ, ஒரு வருடமோ, கொஞ்சம் கூடவோ. நரம்பு திரும்ப வளரும், வலி திரும்ப வரும், திரும்பச் சுடலாம் என்கிறார் டாக்டர். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணிடம் அனுப்பியிருக்கிறார். வயிற்றுத் தசையே இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அவளுக்கு ஞானப்பல் முளைக்கிறது. நான் சொல்லவில்லை.

உட்காரும் முறையை மாற்றிக்கொண்டேன். நோயாளியின் தலைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, நாற்காலியை ஏற்றி, அவர்கள் தலையைத் திருப்பச் சொல்கிறேன். இத்தனை நாளும் அவர்கள் வாய் இருக்கும் இடத்துக்கு நான் போனேன். இப்போது வாய் என்னிடம் வருகிறது. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சின்ன டாக்டரின் பெயர்ப்பலகையை மாட்ட ஆள் வந்தான். "பழசைக் கழட்டிடவா?" என்றான்.

சின்ன டாக்டர் என்னைப் பார்த்தாள். அதன் கீழே மாட்டு என்றேன். பல் பிடுங்குவது, கட்டிக்கொண்டு மல்லாடும் வேலையெல்லாம் அவளுக்கு. வேர் சிகிச்சை எனக்கு. காலையில் மட்டும். மத்தியானம் சோபா.

"மேடம், சாவி ரெண்டு செட் இருக்கிறது நல்லதாப் போச்சு" என்றாள். பொல்லாத பெண்.

அடுத்த வருடம், ஜூன் 15, திங்கள்

தினமும் காலையில் டீயோடு இவர் "எத்தனை?" என்று கேட்பார். மூணு என்பேன், சில நாள் ரெண்டு. போன வாரம் நாலு. நேற்று அஞ்சு. நரம்பு வளர்ந்து வருகிறது போல.

இன்று கேட்டார். "ஆறு" என்றேன்.

எந்த ஊர் ஆறு என்று கேட்கவில்லை. போனை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். வலி கிளினிக்கில் இந்த மாதக் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கீழே போனேன். மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார், இந்தத் தடவை மேல் பல். மரக்க ஊசி போட்டு, வழக்கம்போல, "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றேன். தலைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, காலைப் பெடலில் வைத்து, ஆரம்பித்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இடது கை மேலே வந்தது.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். டிரில் நின்றது. அதை வெளியே எடுத்து, விளக்கைத் தள்ளிவிட்டு, "எங்க வலிக்குது? சொல்லுங்க" என்றேன்.

வாயிலிருந்த பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "வலியெல்லாம் இல்ல டாக்டர். மூக்கு அரிச்சுது."

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள்.

"சொறிஞ்சுக்கோங்க" என்றேன். அவர் நிதானமாகச் சொறிந்துகொண்டார். முடிக்கும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.